பாம்புக்குப் போட்ட செவப்பு ஜட்டி

...இல்லக்கா, பஸ் சீட்டுல மூட்டைப்பூச்சி எல்லாம் இல்ல. நான் நெளியறதுக்குக் காரணமே வேற. சொல்லலாம்... ஆனா நான் மூணாங்கிளாஸோட நின்னவ. முன்னப் பின்னச் சொல்லிவெச்சு, பைத்தியம்னு நெனச்சிடுவீங்களோன்னு பயமா இருக்கு.

பன்னெண்டு மிருக வருசத்துல நீங்க பொறந்தது எந்த வருசம்? முயலா? அதான் மொகத்துல அவ்ளோ நிம்மதி! நான் பாம்புக்கா. நடக்குறதும் பாம்பு வருசம். பொறந்த மிருகத்தோட வருசம் திரும்பி வந்தாலே கண்டம், செவப்புதான காவல்? போன முயல் வருசத்துல நீங்களும் உள்ளுக்குள்ள செவப்புப் போட்டுக்கிட்டுத்தான திரிஞ்சிருப்பீங்க? சிரிக்காதீங்க!

நான் பாட்டுக்கு ஜன்னலுக்குக் காகிதப் பூ வெட்டி ஒட்டிக்கிட்டுக் கெடந்தேன். எங்க ஊருப் பள்ளிக்கூடத்து ஃபான் டீச்சர் வந்தா. "சியூயுன் அக்கா, யென்ஆன் டவுன்ல காகித வெட்டுக் கண்காட்சி. உங்க வருசம், உங்க பாம்பு. பழசை உதறிட்டுப் புதுசாப் பொறக்குற மாதிரி வெட்டுங்க"ன்னா. வெட்டுனேன். கதவு ஒசரத்துக்குச் செவப்புப் பாம்பு! பார்த்துட்டு என்ன சொன்னா தெரியுமா? "உரிஞ்ச தோல் மட்டும் வெள்ளைக் காகிதத்துல இருக்கட்டுமே"ன்னா.

வெள்ளை! என் வருசத்துல, என் பாம்பு மேல, எழவு வீட்டு வெள்ளை! படிச்ச பொண்ணு சொல்றாளேன்னு ஒட்டிட்டேன். அது மேல செவப்பா எதாச்சும் போட்டு மூடணுமே...

கடையில வாங்கலாமேங்கறீங்களா? அட, தானா வாங்குனா பலிக்காதேக்கா! அடுத்தவங்க குடுக்கணும். எங்க அக்கா மகா கஞ்சம். எனக்குன்னு ஒரே ஒரு செவப்பு ஜட்டிதான் குடுத்தா. அதை... ஆமா. பசை தடவி அந்த வெள்ளைத் தோலு மேல ஒட்டிட்டேன். ஏணியப் புடிச்சிட்டிருந்த எங்க வீட்டுக்காரர், "பாம்புக்கு இடுப்பு எங்கடி இருக்கு?"ங்கறார். மனுசனுக்கு எப்ப என்ன சந்தேகம் வருது பாருங்க!

அப்புறந்தான் வெனை. பனியில வழுக்கி வுழுந்தேன். பேரீச்சம்பழ ரொட்டியக் கடிச்சுப் பல்லு போச்சு... இந்தா பாருங்க, ஓட்டை. காயப்போட்ட சேமியாவ ஆடு தின்னுடுச்சு! அப்பத்தான் ஒறைச்சுது. காவல் முழுக்க அந்தக் காகிதப் பாம்புக்கு, நான் அம்போ!

இன்னிக்கு நடுவருங்க வர்றாங்க. காலையில மொத ஆளாப் போயி... இருங்க, போன் அடிக்குது. டீச்சர்தான்!

"அலோ... என்னது? மொதப் பரிசா? எனக்கா?"

அய்யய்யோ! அக்கா, நடுவருங்கள்லாம் வாயப் பொளந்து நின்னாங்களாம். "டீச்சர் அனுப்புன படத்துல தோல் இருந்துச்சு, இன்னிக்கு நெசமாவே உரிச்சிடுச்சு, என்ன கற்பனை!"ன்னு சொன்னாங்களாம். இறங்கித் திரும்பி வரணுமாம். மேடையில ஏறி, அந்தப் பழைய தோல் இப்ப எங்கேன்னு எல்லாருக்கும் காட்டணுமாம்!

எப்படிக்கா காட்டுவேன்? ஜட்டியப் பிச்சு எடுக்கயில வெள்ளைக் காகிதமும் கூடவே ஒட்டிக்கிட்டு வந்துடுச்சு. பையில வெச்சா பலிக்காது, ஒடம்புல படணும். அதான் கண்காட்சிக் கக்கூஸுலயே பசையோட, காகிதத்தோட அப்படியே மாட்டிக்கிட்டு பஸ் ஏறிட்டேன்...

அக்கா? ஏன் எழுந்துட்டீங்க? உங்க ஊரு இன்னும் வரலையே!