சிமெண்டு மண்ணில் ஜீப் தடம்

— ரோட்டை மறிச்சுப் போட்டிருந்த முள்ளை எடுத்து உட்டது ஆருங்க, சீனியக்கா?

— நாந்தேன், மேஸ்திரி.

— என்னுங்க இது! ஒரே ஒரு நாள் அவிநாசி போயிட்டு இப்பத்தான் பஸ்ஸெறங்கி வாரேன். அதுக்குள்ள இப்புடியா? இந்தக் காட்டு ரோட்டுல இருக்கறது வெறும் மணலுங்க. சிமெண்டைக் கலந்து, தண்ணி உட்டு, ரோலர் ஓட்டி நாலு நாள்தான் ஆச்சு. உங்களைக் காவலுக்கு வெச்சு, ஏழு நாளைக்கு ஒரு சைக்கிள்கூட ஏறப்படாதுன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டனே!

— சொன்னீக. மறக்கல.

— திருப்பூர்ல இருந்து பனியன் வேஸ்ட் துணி கொண்டாந்து, நனைச்சு நனைச்சு, கொழந்தையாட்டப் பொத்தி வெச்சிருந்தமுங்க. அதுமேல ஜீப்பை ஏத்தி உட்டிருக்கறீங்க.

— துணியச் சுருட்டி ஓரமா வச்சுட்டுத்தேன் விட்டேன். வண்டி போனதும் விரிச்சுத் தண்ணியும் ஊத்திட்டேன்.

— தண்ணி ஊத்துனா தடம் மறைஞ்சுருமாக்கு? நாளைக்கு இஞ்சினீயர் வாராருங்க. அம்பதடி கொத்தி எடுக்கோணும்.

— கொத்துங்க. என்னைய வேலைல இருந்து நிறுத்தணும்னாலும் நிறுத்திக்கிருங்க.

— வண்டி ஆருதுங்க?

— மேல ஊர்க்காரக ஜீப்பு. குமரன் மக அபிராமி, பெருமாநல்லூர் கம்பெனில இருந்து லீவுக்கு வந்திருந்துச்சுல்ல. நேத்துக் காலைல வெறகுக்குப் போன எடத்துல பாம்பு கடிச்சிருச்சு.

— அட சாமி! போன வாரங்கூட சிரிச்சுக்கிட்டுப் போச்சே அந்தப் புள்ளை. அதுக்கா தொறந்தீங்க? அப்பச் செரிங்க. உசுருக்கு முன்னால ரோடு என்னுங்க ரோடு? இஞ்சினீயர்கிட்ட நான் பேசிக்கறேன். ஏனுங்க, அழுகறீங்க? புள்ளை எந்த ஆஸ்பத்திரில இருக்குது?

— தடத்தப் பாருங்க, மேஸ்திரி.

— பாத்தனுங்க. கீழ இருந்து மேல ஏறியிருக்குது... எறங்குன தடம் எங்கீங்க?

— நாந்தேன் எறங்க விடல. குமரன் என் கால்ல விழுந்தாரு. ஏழு நாளு ஆகணும்னு நீங்க சொல்லிட்டுப் போனீகளேன்னு, ஓடைப் பக்கமாச் சுத்திப் போகச் சொன்னேன். அங்கன மணல்ல டயரு பொதைஞ்சு ரெண்டு மணி நேரம். ஆஸ்பத்திரி சேருறப்ப மூச்சு இல்லையாம்.

— சீனியக்கா...

— திரும்பக் கொண்டாரப்பத்தேன் முள்ளை எடுத்தேன், மேஸ்திரி. செத்த புள்ளையாவது குலுங்காம வீடு போயிச் சேரட்டும்னு.