கேள்விமேடு

சம்பந்தியம்மா, கோவிச்சுக்கிறாதீங்க. இந்தாங்க கூடை. உங்களை அவமானப்படுத்தக் குடுக்கலை. வாசல்ல வச்சு எங்க மருமககிட்ட, "என்னடி, விசேஷம் எதுவும் உண்டா?"ன்னு கேட்டுட்டீங்கள்ல? நீங்க அவளுக்குச் சித்தி, உரிமையாக் கேட்டீங்க, ஒப்புக்கிறேன். ஆனா எங்க ஊர்ல அந்தக் கேள்வியைக் கேட்டவுக யாரா இருந்தாலும் இந்த ஊருணியில ஒரு கூடை மண்ணு அள்ளி, அந்தா தெரியுதே மேடு, அதுல கொட்டணும். கணக்கெடுக்க வந்த சாரு வாயை அடக்காமக் கேட்டுட்டு, பேன்ட்டை மடிச்சுவிட்டு அள்ளிட்டுத்தான் போனாரு.

மம்பட்டி அந்தா கெடக்கு. ஓரத்துல நல்ல கரம்பை மண்ணா இருக்கு, மெதுவா வெட்டுங்க. நான் கரையில உட்கார்ந்து கதையைச் சொல்றேன்.

ரயிலு வர்றதுக்கு முந்தி, ரோடு போடுறதுக்கு முந்தி, எங்க பாட்டன் பூட்டனெல்லாம் தவழ்றதுக்கும் முந்தி, இதே கள்ளிவலசையில முத்திருளாயின்னு ஒருத்தி வாக்கப்பட்டு வந்தாகளாம். புருசன் பேரு சோணமுத்து. பேசுனா முத்து உதுந்துரும்னு நெனைக்கிற ஆளாம். மாமியாக்காரி கூரியம்மா. அந்தம்மாவுக்கு வாய் ஓயாதாம்.

அப்ப இந்த ஊருணி ஊருணியா இல்ல. வெறும் பள்ளம். மழை பெய்ஞ்சா நெறையும், மாசி பொறந்தா வெடிச்சுக் கெடக்கும். அப்புறம் பொம்பளையாளுக குடத்தைத் தூக்கிக்கிட்டு மேலக்காட்டுக் கெணத்துக்கு நடக்கணும். சித்திரையில சாமி கும்பிடுறப்ப அபிஷேகத்துக்கே தண்ணி இருக்காது. பக்கத்து ஊரு ஆதனேந்தல்காரககிட்டப் போயி வண்டி கட்டி வாங்கிட்டு வருவாகளாம். அவுக ஊத்துறப்பவே, "ஏப்பா, உங்க சாமி குளிக்கிறதுக்கும் நாங்கதானா?"ன்னு சிரிப்பாகளாம். அந்தச் சிரிப்பை முழுங்கிக்கிட்டுத்தான் வருசா வருசம் திருவிழா.

முத்திருளாயி வந்து வருசம் ஒண்ணாச்சு, ரெண்டாச்சு, மூணாச்சு. மடி நெறையல. ஊரு சும்மா இருக்குமா? கேட்டாக. கெணத்தடியில கேட்டாக, களத்துமேட்டுல கேட்டாக, எழவு வீட்டுல ஒப்பாரிக்கு நடுவுலயும் கேட்டாகளாம். கூரியம்மா மருமகளை வைத்தியர்கிட்டக் கூட்டிட்டுப் போச்சு, குறிகாரிகிட்டக் கூட்டிட்டுப் போச்சு, கோயில் மரத்துல தொட்டில் கட்டச் சொல்லுச்சு. அன்னைக்குத்தான் முத்திருளாயி, கட்டுறதுக்குக் குடுத்த சேலைத் துணியை மடிச்சு மாமியா கையிலயே குடுத்துட்டாகளாம்.

"அத்தே, சாமியை ஏமாத்தக் கூடாது. நாங்க வேண்டாம்னு இருக்கோம். அவரும் நானும் பேசித்தான் இருக்கோம். வேண்டாததைக் குடுன்னு கேட்டுத் தொட்டில் கட்டுனா தப்பில்லையா?"

புள்ளை உண்டாகாம எப்படி இருந்தாகன்னு கேக்காதீங்க சம்பந்தியம்மா, அதுக்குத் தனியா ஒரு கூடை.

நெனச்சுப் பாருங்க. "சாமி குடுக்கலை"ன்னு ஒரு பொய்யைச் சொல்லியிருந்தா முடிஞ்சுபோச்சு. ஊரே ஐயோ பாவம்னு சொல்லி வாய்க்கரிசி போடுற வரைக்கும் இரக்கப்பட்டிருக்கும். எங்க முத்திருளாயிக்கு அந்த இரக்கம் வேண்டாமாம். உள்ளதைச் சொன்னாக. அதைச் சொல்றப்ப எனக்கு இப்பவும் நெஞ்சு நிமுந்துரும்.

உள்ளதைச் சொன்னதும் ஊரு கொதிச்சுப்போச்சு. இல்லாதவளைக்கூடச் சேத்துக்கிருவாக, வேண்டாம்னவளை எங்க சேக்குறது? சோணமுத்தோட அக்கா வண்டி கட்டி வந்துட்டா. "என் மகளை என் தம்பிக்குக் கட்டிவைங்க. இவளை ஆத்தா வீட்டுக்கு அனுப்பிவிடுங்க"ன்னு தலையை விரிச்சுப் போட்டு உட்கார்ந்துக்கிட்டாளாம். ஊர்க்கூட்டம் போட்டாக. அம்பலம் நடுவுல உட்கார்ந்தாரு. அவருதான் ஊர்த் தலைவரு.

அம்பலம் மீசையைத் தடவிக்கிட்டே சொன்னாராம்: "ஏத்தா, உன் வீட்டுக்குள்ள நான் வரலை. ஊருக் காரியம் பேசுறேன். இந்த ஊருணி வெட்டு தலைக்கு ஒரு பங்கு. அப்பன் செத்தா மகன் அள்ளணும், மகன் செத்தா பேரன் அள்ளணும். உங்களுக்கப்புறம் உங்க பங்கு மண்ணை அள்ள யாரு இருக்கா? உன்னைப் பாத்து நாலு பேரு வேண்டாம்னா, ஊருணி தூந்து போகாதா?"

கூட்டம் "அதானே, அதானே"ன்னுச்சு. சோணமுத்து எந்திரிச்சாரு. வாய் தெறக்காத மனுசன் வாயைத் தெறந்தாராம். "அவளை அனுப்புனா நானும் கூடப் போறேன்." அம்புட்டுத்தான். உட்கார்ந்துட்டாரு.

அப்ப முத்திருளாயி முந்தியை இழுத்துச் செருகிக்கிட்டு முன்னால வந்தாகளாம்.

"ஐயா, பெறாத புள்ளைக பங்கு மண்ணுதானே உங்களுக்குக் கொறையுது? புள்ளை பங்கு, பேரன் பங்கு, கொள்ளுப்பேரன் பங்கு, அம்புட்டையும் நான் உசிரோட இருக்கையிலயே அள்ளிப் போட்டுர்றேன். வர்ற சித்திரையில சாமிக்கு அபிஷேகத் தண்ணி நம்ம ஊருணியில எடுக்கணும். எடுத்தா என்னை விட்டுருங்க. எடுக்க முடியலைன்னா நானே ஆத்தா வீட்டுக்கு நடந்து போறேன், அவரையும் தடுத்து வச்சுட்டுப் போறேன். அவரு அக்கா மக இங்க வாக்கப்படட்டும்."

கூட்டம் கொல்லுன்னு சிரிச்சுச்சு. ஊரே கூடி வெட்டி ஆகாத பள்ளத்தை இவ வெட்டப் போறாளாம்!

"இன்னும் ஒண்ணு இருக்கு"ன்னாகளாம். "ஏன் புள்ளை வேண்டாம்னு இனி யாரு கேட்டாலும் மொகம் சுளிக்காமப் பதில் சொல்றேன். ஆனா கேட்டவுக ஒரு கூடை மண்ணு அள்ளிக் கரையில போட்டுட்டுப் பதிலை வாங்கிக்கிறணும். கேக்காதவுக அள்ள வேண்டாம். இதுக்குச் சாமி மேல சத்தியம் பண்ணுங்க."

"இதென்ன பெரிய காரியம்? கேக்காம இருந்துட்டுப் போறோம்"னு அம்பலம் சூடத்துல அடிச்சுச் சத்தியம் பண்ணிட்டாரு. அங்கதான் சம்பந்தியம்மா ஊரு மாட்டிக்கிருச்சு. கேக்காம இருக்க முடியுமா நம்ம சனத்துக்கு?

மறுநாளே புருசனும் பொண்டாட்டியும் எறங்கிட்டாக. அவரு வெட்ட, இவுக சும்மாடு கூட்டிச் சுமக்க. வேடிக்கை பாக்க வந்த முதல் ஆளு வளையல்காரியாம். பொறுக்க முடியலை. "ஏத்தா, ஏன்தான் வேண்டாம்னுட்ட?" கேட்டா, கூடையைத் தூக்குனா. பதிலு என்ன தெரியுமா? "எனக்கு நல்லாத் தூங்கணும்."

அடுத்து வைத்தியரு வந்தாரு. கேட்டாரு, கூடையைத் தூக்குனாரு. "உங்க பிரசவ லேகியம் வாயில வைக்க வெளங்கலை வைத்தியரே."

அம்பலத்தோட பொண்டாட்டி வந்தாக. கேட்டாக, கூடையைத் தூக்குனாக. "உங்க புள்ளைக எங்க கூரையில ஏறி ஆடுனதைப் பாத்தேன், அன்னைக்கு முடிவு பண்ணேன்."

சாயந்தரம் ஊருக்குள்ள ஒரே சண்டையாம். "எங்கிட்டத் தூக்கம்னாளே!" "இல்ல, எங்கிட்ட லேகியம்னா!" "எது நெசம்?" எது நெசம்னு தெரியாம சோறு எறங்குமா? மறுநாள் திரும்ப வந்தாக. திரும்பக் கேட்டாக, திரும்பக் கூடையைத் தூக்குனாக. ஆளுக்கு ஒரு புதுப் பதிலு. சண்டை பெருசாச்சு, பள்ளம் ஆழமாச்சு. ஆதனேந்தல்லயிருந்துகூட வண்டி கட்டி வந்து கேட்டுட்டு, அள்ளிட்டுப் போனாகன்னு சொல்லுவாக. நம்ம சாமியைப் பாத்துச் சிரிச்சவுக நம்ம ஊருணியை வெட்டிக் குடுத்துட்டுப் போயிருக்காக!

எல்லாரையும் விட அதிகமா அள்ளுனது கூரியம்மாதான். தெனமும் விடிஞ்சதும் வரும். கேக்கும், கூடையைத் தூக்கும், ஒரு பதிலை வாங்கும், திட்டிக்கிட்டே போகும். ஒருநாள் கூடையைக் கொட்டிட்டுப் போகாம அப்படியே மண்ணுல உட்கார்ந்துக்கிருச்சாம்.

"ஊருக்கு என்னத்தையும் சொல்லு. எனக்கு ஒரு தடவை நெசத்தைச் சொல்லுத்தா. நான் செத்தா எனக்கு மகன் வழிப் பேரன் நெய்ப்பந்தம் பிடிக்க மாட்டான். எதுக்குன்னாவது தெரிஞ்சுட்டுச் சாகுறேன்."

முத்திருளாயி கூடையைக் கீழ வச்சுட்டுப் பக்கத்துல உட்கார்ந்தாகளாம். "ஒளிச்சு வைக்க ஒண்ணும் இல்ல அத்தே. எனக்கு வேணும்னு தோணலை. எல்லாருக்கும் தோணுது, எனக்குத் தோணலை. தோணாமப் பெத்துட்டு, அந்தப் புள்ளை மொகத்தை நான் எப்படிப் பாப்பேன்?"

கூரியம்மா கையில ஒட்டுன மண்ணை உதுத்துக்கிச்சாம். அது பெத்ததுல பாதி மண்ணுக்குள்ள போயிருச்சு. மிச்சம்தான் சோணமுத்தும் அவரு அக்காளும். அப்புறம் சொல்லுச்சாம், "வேணுமா வேண்டாமான்னு என்னைய ஒருத்தரும் கேக்கலையேத்தா." சொல்லிட்டு மருமக தோளைப் பிடிச்சு எந்திரிச்சுப் போயிருச்சு.

மறுநாள் விடிஞ்சதும் வந்துச்சு. முத்திருளாயி சிரிச்சுக்கிட்டே, "கேளுங்க அத்தே"ன்னாகளாம். "கேக்க ஒண்ணும் இல்ல. கூடையைக் குடு." அன்னையிலிருந்து கேக்காமலே அள்ளுன ஒரே ஆளு அதுதான். எனக்கு இந்த எடம் வந்தா கண்ணு கலங்கிரும். வெட்டுங்க, வெட்டுங்க, நிறுத்தாதீங்க.

ஐப்பசியில மழை வந்துச்சு. ஆனா அந்த வருசம் பாத்து அரை மழை. ஊருணி முக்காவாசிதான் நெறைஞ்சுச்சு. தை போச்சு, மாசி போச்சு. பங்குனியில தண்ணி எறங்க எறங்க, சோணமுத்தோட அக்கா கல்யாணச் சேலையே எடுத்துட்டாளாம். முத்திருளாயி தெனமும் வந்து கரையில நின்னு பாப்பாகளாம். அழுததை யாரும் பாக்கலை. ஆனா ஆத்தா வீட்டுக்குக் கொண்டுபோக ரெண்டு சேலையை மடிச்சு மூட்டை கட்டி வச்சுட்டாகன்னு சொல்லுவாக.

சித்திரை பொறந்துச்சு. கொட்டு அடிச்சு, ஊரே கரையில வந்து நிக்குது. பூசாரி குடத்தோட எறங்குனாரு. எறங்குறாரு, எறங்குறாரு, தண்ணியக் காணோம். சேறு வருது. அடியில, வெட்டுன பள்ளத்துலயே ரொம்ப ஆழமான எடம் ஒண்ணு இருந்துச்சு. கூரியம்மா கேக்காம அள்ளுன எடம். அங்க குடத்தைச் சாச்சாரு. குளுக் குளுக்குன்னு சத்தம் கேட்டுச்சு. குடம் முங்குச்சு! ஒரு குடம், ரெண்டு குடம், சாமி நனைய நனைய வந்துச்சு. கொட்டுச் சத்தம் ஆதனேந்தல் வரைக்கும் கேட்டுச்சாம்.

அம்பலம் துண்டை எடுத்துக் கண்ணைத் தொடைச்சுக்கிட்டாரு. "தாயி, உன் பங்கும் தீந்துச்சு, உன் கொள்ளுப்பேரன் பங்கும் தீந்துச்சு. இனி உன்னை ஒருத்தன் ஒண்ணு சொல்ல முடியாது." சொல்லிட்டுச் சும்மா இருக்கலாமுல்ல? கிட்ட வந்து, மெதுவா, "எல்லாம் சரித்தா, இப்பவாவது சொல்லு. ஏன்தான் வேண்டாம்னுட்ட?"ன்னாராம்.

ஊரே வாயைப் பொத்திக்கிச்சு. கூரியம்மா போயி கூடையைத் தூக்கியாந்து அம்பலத்துக்கு முன்னால டொப்புன்னு வச்சுச்சு. பட்டு வேட்டியோட, துண்டைச் சும்மாடு கூட்டி, அம்பலம் மண்ணு சுமந்தாரு. அன்னைக்குத்தான் இந்த மேட்டுக்குக் கேள்விமேடுன்னு பேரு வந்துச்சு.

வெளியூர்க்காரக வந்தா, "புள்ளை இல்லாத கொறைக்கு ஊரையே புள்ளையா நெனச்சாக போல"ன்னு சொல்லுவாக. அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல. அவுகளுக்குக் கொறையும் இல்ல. ஊருணியை ஊருணியாத்தான் நெனச்சாக. புருசனும் பொண்டாட்டியும் கிழடாகுற வரைக்கும் சாயந்தரம் இந்தக் கரையில உட்கார்ந்து காத்து வாங்குவாகளாம். செத்துப்போனப்ப, பந்தம் பிடிக்க ஊருல போட்டியாம். அவுக வழின்னு சொல்லிக்க ஆளு இல்ல. இருந்தும் பூட்டின்னுதான் சொல்றோம், அவுக பேரைச் சொல்றதுல எங்களுக்கு அம்புட்டுப் பெருமை. மேட்டு மேல நிக்கிற அந்த வேம்புல யாரும் தொட்டில் கட்ட மாட்டோம். தெரியாமக் கட்டுனா அவுத்து, "ஐயனார் கோயில்ல கட்டு தாயி, அங்கதான் கேக்கணும், இங்க வேண்டாம்"னு கையிலயே குடுத்துருவோம். அந்தச் சித்திரைக்கப்புறம் எந்தக் கோடையிலயும் இந்த ஊருணி வத்துனது இல்ல. எப்படி வத்தும்? வருசா வருசம் யாராவது ஒருத்தர் கேட்டுக்கிட்டேதானே இருக்கீங்க.

கூடை ரொம்பிருச்சு. இருங்க, தூக்கிவிடுறேன். மேல ஏறிக் கொட்டுங்க. அந்தா மருமக வேம்படியில நிக்கிறா, கேட்டதுக்குப் பதிலைச் சொல்லுவா. ஆனா ஒண்ணு, நாளைக்கு உங்க வீட்டுக்காரரு கேட்டா வேற பதிலு சொல்லுவா. அவரையும் கூட்டிட்டு வாங்க. வடக்குக் கரை தாழ்ந்து கெடக்கு.