சீட்டில் போட்ட துண்டு

உமர் பாரூக்: நாக்கை நீட்டுங்கண்ணே... இன்னும் கொஞ்சம்... ஆகா, நல்லாக் காஞ்சு கெடக்கு. அல்ஹம்துலில்லாஹ்!

ராசு: தண்ணி குடுங்க பாய்... தொண்டை ஒட்டுது...

சொர்ணவல்லி: எம்புருசனுக்கு வாய் காஞ்சதுல ஒங்களுக்கு அம்புட்டுச் சந்தோசமா?

உமர் பாரூக்: பின்ன? வாய் காஞ்சா ஊசி வேல செய்யுதுன்னு அர்த்தம். நேத்து இவரத் தூக்கியாந்தப்ப வாயில நொரை, கண்ணுல தண்ணி, ஒடம்பெல்லாம் வேர்வை. டாக்டரே உதட்டைப் பிதுக்குனாரு. கம்பவுண்டரு வேலைக்கு வந்து வெசத்த முறிக்கிற அட்ரோபின் ஊசிய இத்தன ஒரே ஆளுக்கு நான் போட்டதில்ல.

ராசு: நேத்தா? அப்ப இன்னிக்கு...

சொர்ணவல்லி: வெள்ளிக்கெழம. விடிய விடிய ஒளறுனீங்க. இந்தச் சுவத்துல தாமரைக் கொளம் தெரியுதாம், அன்னம் நீந்துதாம்...

உமர் பாரூக்: சித்தன்னவாசல் கொகையில படுத்திருக்கறதா நெனப்பு! அது ஊசி பண்ற கூத்து, அக்கா.

சொர்ணவல்லி: பாய்... போலீசு கீலீசு வந்து கேப்பாகளா?

உமர் பாரூக்: எதுக்கு? மருந்து கையில பட்டதுன்னு டாக்டரு எழுதிட்டாரு. பொழச்சுட்டாரு, அம்புட்டுத்தான்.

ராசு: பூச்சிக்கு அடிக்கிற மருந்து மனுசன என்ன பாய் பண்ணும்?

உமர் பாரூக்: ஒங்க ஊரு பஸ்ஸ நெனச்சுக்குங்க. நரம்பு ஒரு சேதி அனுப்புது. அது போயி ஒரு சீட்டுல ஒக்காருது. ஒக்காந்தா எச்சி ஊறும், கண்ணு சுருங்கும். வேல முடிஞ்சதும் கண்டக்டரு எறக்கி விட்டுருவாரு. அந்தக் கண்டக்டருக்குப் பேரு நொதி.

ராசு: சரி...

உமர் பாரூக்: இந்த மருந்து கண்டக்டரு கையக் கட்டிப் போட்டுருது. ஏறுனவன் எவனும் எறங்க மாட்டேங்கறான்...

சொர்ணவல்லி: கறம்பக்குடிச் சந்த நாளு மாதிரி.

உமர் பாரூக்: அதேதான்! நம்ம ஊசி போயி சீட்டுல துண்டப் போட்டுருது. சேதி வந்தாலும் ஒக்கார எடமில்ல.

ராசு: கண்டக்டரு கட்டு?

உமர் பாரூக்: பாதி கண்டக்டருக்கு அவுந்துரும். மிச்சத்துக்கு ஒடம்பே புது ஆளப் போடும். நாளாகும், பொறுக்கணும்.

சொர்ணவல்லி: பாய்... நெசமாவே கையில பட்டா உள்ள போயிருமா?

உமர் பாரூக்: என்னக்கா, நீங்கதானே டாக்டருகிட்ட சொன்னீங்க, கைய விட்டுக் கலக்குனாருன்னு?

சொர்ணவல்லி: சொன்னேன்... சும்மா கேட்டேன்.

உமர் பாரூக்: தோலுலயும் எண்ணெய்ப் பசை, உள்ள இருக்கற சவ்வுலயும் எண்ணெய்ப் பசை. மருந்தும் எண்ணெய்க்கு ஒறவு. கதவத் தட்டாமயே நொழஞ்சுரும். நீங்க சொன்னதாலதான் சோப்புப் போட்டுத் தேச்சுக் கழுவுனோம். இல்லாட்டி நாங்க ஊசி போடப் போட, அது பாட்டுக்கு உள்ள எறங்கிக்கிட்டே இருந்திருக்கும். தண்ணிய மடக்கு மடக்காக் குடுங்க. வாரேன்.

ராசு: போயிட்டாரா?... ஒன் மூஞ்சி மங்கலாத் தெரியுது புள்ள.

சொர்ணவல்லி: தெரியாட்டி நல்லது. அழுது வீங்கிக் கெடக்கு.

ராசு: அதான் எந்திரிச்சுட்டேன்ல.

சொர்ணவல்லி: ஏங்க... கோவத்துல நான் ஒரு வார்த்த சொன்னா, அப்படியே செஞ்சுருவீங்களா?

ராசு: எந்த வார்த்த?

சொர்ணவல்லி: எங்கண்ணன் மக காதுகுத்துக்கு வரமாட்டேன், கடலைக்கு மருந்து அடிக்கணும்னீங்க. அப்ப அந்த மருந்தையே குடிச்சுட்டுக் கெடங்கன்னு சொல்லிட்டுத்தானே கெளம்புனேன்... அங்கிட்டுப் போயிப் பாயில ஒக்காரல, பக்கத்துக் கொல்லை ராக்கன் ஓடியாறான். வரப்புல விழுந்து கெடக்காரு, பக்கத்துல மருந்து டப்பா கெடக்குன்னு...

ராசு: அடிப்பாவி! நான் குடிச்சுட்டேன்னா நெனச்ச?

சொர்ணவல்லி: வேற என்னத்த நெனைக்க? போலீசு கேசாயிருமேன்னுதான் டாக்டருகிட்ட கைய விட்டுக் கலக்குனாருன்னு... வாயில வந்த பொய்யச் சொன்னேன்.

ராசு: ஹஹ்... ஹஹ்ஹா...

சொர்ணவல்லி: எதுக்குச் சிரிக்கிறீங்க? இருமல் வரப் போகுது...

ராசு: அது பொய்யில்ல புள்ள. முழங்கை வரைக்கும் விட்டுத்தான் கலக்குனேன். சாணி கரைக்கிற கைதானேன்னு...

சொர்ணவல்லி: அய்யோ! கம்ப வச்சுக் கலக்கச் சொல்லி, வெவசாயம் சொல்லிக்குடுக்க வர்ற கிராம சேவக் தலப்பாடா அடிச்சுக்கிட்டாரே! அதத் தேடி எடுக்க ஒங்களுக்கு என்ன கேடு?

ராசு: தேடுனா நேரமாயிரும்ல... வெரசா அடிச்சு முடிச்சுட்டு, பந்தி போடுறதுக்குள்ள ஒங்கண்ணன் வீட்டு வாசல்ல வந்து நிக்கணும்னு பாத்தேன்.