ஒரு விரல் சந்து

— இழுக்காதீங்க, இழுக்காதீங்க! சோபாவைத் தூக்குங்க. இழுத்தா மீன் நசுங்கிடும்.

— தூக்கத்தான் பார்க்கறேன். இடுப்பு ஒத்துழைக்க மாட்டேங்குது.

— சுண்டு விரல் அளவு மீனு... அதுக்கு ஒரு சோபா, ஒரு இடுப்பு, இன்னும் என்னென்ன பலி கொடுக்கணுமோ! தள்ளுங்க, நான் கையை விடறேன்.

— முதல்ல கையை நனைச்சுக்கோ. காய்ஞ்ச கையால தொட்டா அதோட மேல்தோல் போயிடும்.

— தரையோட தரையா படுத்துக் கிடக்கறேன், இப்பதான் பாடம் நடத்துவீங்க. தண்ணி எங்க?

— இந்தா, டம்ளர்ல இருக்கு.

— இது காபிங்க!

— ஓ... இரு, இரு. இந்தா பாட்டில்.

— கிடைச்சுடுச்சு... ஐயோ, உடம்பு பூரா தூசி. துடிக்குது பாருங்க.

— போடு, தொட்டியில போடு... என்ன ஆச்சு? நீந்துதா?

— ஒருக்களிச்சு நிக்குது.

— செவுள் அசையுதா?

— அசையுது... இருங்க, பேசாதீங்க... நிமிர்ந்துடுச்சு! செடிக்குப் பின்னாடி ஓடிடுச்சு.

— அப்பாடா.

— என்ன அப்பாடா? மூடியைத் திறந்து வெச்சது யாரு?

— யாரும் திறக்கலை. மூடி மூடினபடியேதான் இருக்கு. பின்னாடி ஃபில்டர் குழாய் போற சந்து இருக்கு பாரு, அது வழியாத்தான்...

— அந்த ஒரு விரல் சந்துலயா?

— அதோட உடம்பே ஒரு விரல்தானே.

— இவ்வளவு பெரிய தொட்டி... நேரத்துக்குத் தீனி, குளிருக்கு ஹீட்டர். இதுக்கு என்னங்க குறைச்சல்? எகிறிக் குதிச்சு சோபாவுக்கு அடியில என்ன சுகத்தைக் கண்டுச்சு?

— அது தெரிஞ்சா நான் ஏன் தையல் மிஷின் மிதிச்சுக்கிட்டு இருக்கேன்?

— போன தடவை அந்தச் சந்துல செய்தித்தாளைச் சுருட்டி வெச்சீங்க. ஊறிக் கூழாப் போய், தொட்டி பூரா தலைப்புச் செய்தி மிதந்துச்சு.

— நீ மட்டும் என்ன? சாப்பாட்டை மூடற பிளாஸ்டிக் தாளைக் காத்து போக வழியில்லாம ஒட்டி...

— ஊசியால குத்தி விடணும்னு எனக்கு யாரு சொன்னா?

— பேசாம யாருக்காவது தூக்கிக் கொடுத்துடலாம்.

— கொடுங்களேன். யாரு கையைப் பிடிச்சா? ஆசையாக் கேட்டு வந்த பல் டாக்டரை வாசல்லயே நிக்க வெச்சு அனுப்பினீங்க.

— அவர் கிளினிக்ல எப்பவும் ஏசி. மீனுக்குக் குளிரும்.

— ஹீட்டர்னு ஒண்ணு இருக்கறதே மறந்து போச்சாக்கும்.

— சும்மா இரு. ஆசைப்பட்டு வாங்கினவ வெச்சுக்கணும். பாதியில போட்டுட்டு ஓடினா, நாம எத்தனை நாள் சுமக்கறது?

— ஓடினான்னு சொல்லாதீங்க. சொல்லிட்டுத்தான் போனா.

— எப்பச் சொன்னா? பத்திரிகையெல்லாம் கொடுத்து முடிச்சப்புறம்! கல்யாணத் துணி பூரா என் கையால தைச்சேன். கடைசிக் கொக்கி ஒண்ணுதான் பாக்கி.

— தெரியும்ங்க.

— மாப்பிள்ளை வீட்டுக்கு யாரு போனது? நான். என் பொண்ணுக்கு இஷ்டம் இல்லையாம்னு அவங்க கூடத்துல நின்னு சொன்னது யாரு? நான். ஒருத்தர்கூட உட்காருன்னு சொல்லலை.

— அதனாலதான் இந்த வீட்ல யாரும் அவகிட்ட பேசக்கூடாதுன்னீங்க. நானும் பேசலை.

— ம்... நானும்தான்.

— சரி, விடுங்க. இந்தச் சந்துக்கு என்ன வழி?

— கடையில உட்கார்ந்து இதைத் தைச்சுக் கொண்டு வந்தேன். பாரு.

— என்னது... தொட்டிக்குக் குல்லாவா?

— கொசுவலைத் துணி. ஓரமெல்லாம் எலாஸ்டிக். இழுத்து மாட்டினா நாலு பக்கமும் கவ்விக்கும். குழாய்க்குத் தனியா ஒரு கை வெச்சிருக்கேன், நாடா போட்டு இறுக்கிக்கலாம்.

— சட்டைக்கு வைக்கற மாதிரியே மடிச்சு அடிச்சிருக்கீங்க!

— பின்ன எப்படி அடிப்பாங்க? அந்த மூலையைப் பிடி. இழு... அங்க இல்லை, கீழ. கீழ!

— கத்தாதீங்க, மறுபடி குதிச்சுடப் போவுது.

— அளவு கொஞ்சம் சின்னதாயிடுச்சோ...

— ஊருக்கே அளவெடுக்கற மனுஷன்! இருங்க, தண்ணியையும் நாலு விரல் இறக்கிடலாம். விளிம்பு வரைக்கும் நிறைச்சா துள்ளறது சுலபமாம்.

— யாரு சொன்னா?

— ...பக்கத்து வீட்டம்மா.

— அவங்க வளர்க்கறது பூனையாச்சே?

— பூனை வளர்த்தா மீனைப் பத்தித் தெரியக்கூடாதா?

— தெரியும். வேற மாதிரி தெரியும்.

— நீங்க மட்டும்? லைட்டைப் பட்டுனு அணைக்காதே, மிரண்டு துள்ளும்னீங்களே நேத்து. அது எங்க படிச்சீங்க?

— மீன் விக்கற கடையில சொன்னாங்க.

— எந்தக் கடை?

— அதான்... பஸ் ஸ்டாண்டு பக்கத்துல.

— அது செல்போன் கடையாகி வருஷம் ஆச்சுங்க.

— இது வேற. அங்க ஒரு பொண்ணு இருக்கு. விவரமான பொண்ணு. எது கேட்டாலும் பொறுமையா சொல்லும்.

— ஓஹோ.

— என்ன ஓஹோ? கூட்டமா வாழற மீனாம் இது. மூணு மட்டும் இருந்தா பயத்துலயே துள்ளுமாம். இன்னும் கொஞ்சம் வாங்கி விடச் சொல்லுச்சு. மேல மிதக்கற செடி போட்டா மறைவா இருக்கும்னுச்சு.

— மூணுதான் மிச்சம்னு அந்தப் பொண்ணுக்கு எப்படித் தெரியும்?

— நான்தான் சொன்னேன்.

— மத்தது குதிச்சுச் செத்ததையும் சொன்னீங்களா?

— சொன்னேன். பரவாயில்லை, உங்க மேல தப்பில்லைன்னுச்சு.

— அழுதுச்சா?

— அழலை. மூக்கை உறிஞ்சுச்சு.

— கடைக்குள்ள தூசியா இருந்திருக்கும்.

— இருக்கும், இருக்கும்.

— சாப்பிட்டுச்சான்னு கேட்டீங்களா?

— கேட்டேன், அது இன்னும்... ஏய், நான் எதுக்கு அதையெல்லாம் கேட்கப் போறேன்? மூலையைப் பிடின்னா!

— நான் பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். விட்டது நீங்க.

— சரி... இப்ப இழு. ஆங், கவ்விக்கிச்சு.

— அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சாங்க?

— இல்லை. பேசி வெச்ச பையன் சரியில்லையாம். வேலைக்குப் போகக்கூடாது, தனியா வெளிய போகக்கூடாது... கல்யாணத்துக்கு முன்னாடியே சட்டம் போட்டானாம். போனை வாங்கி வாங்கிப் பார்ப்பானாம்.

— அவங்கப்பா என்ன சொன்னாராம்?

— அவருக்கு ரொம்ப லேட்டாத்தான் தெரிஞ்சுதாம்... நாடாவை இறுக்கு.

— இறுக்கிட்டேன். பாருங்க, மேல வந்து வலையை முட்டுது. நம்மளை முறைக்குதுங்க.

— மீனுக்கு ஏது முறைப்பு? அதுக்குக் கண்ணே அப்படித்தான்.

— எப்படியோ, இன்னைக்காவது சோபா அதோட இடத்துல இருக்கட்டும். கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்துங்க... என்னங்க? அப்படியே நிக்கறீங்க?

— இல்ல... ஒண்ணு சொல்லணும். கோபப்படாதே.

— இன்னும் என்ன பாக்கி வெச்சிருக்கீங்க கோபப்படறதுக்கு? சொல்லுங்க.

— அந்தப் பொண்ணு... கடைப் பொண்ணு... நாளைக்குக் காலையில நேர்லயே வந்து தொட்டியைப் பார்க்கட்டுமான்னு கேட்டுச்சு. நான் வான்னுட்டேன்.

— காலையில முடியாதுங்க. அந்த ரயில்ல இடம் கிடைக்கலையாம், வந்து சேர சாயங்காலம் ஆயிடும்னு உங்க பொண்ணு மத்தியானமே எனக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டா.