வரிக்கு முன்னால் ஓர் இடைவெளி

— இதுல யோசிக்க என்ன மாப்ள இருக்கு? கை தவறிடுச்சுன்னு ரெண்டு வரி எழுதிக் குடு. மேனேஜர்கிட்ட நான் பேசிக்கறேன்.

— ஒரு பள்ளிக்கூடத்துப் பசங்களோட மொத்த மார்க்கும் அழிஞ்சு கெடக்கு, அத்தான். ரெண்டு வரியில முடியுமா?

— அதுக்கு? அழிச்ச கட்டளை உன் கணக்குல அடிச்சதெல்லாம் பதியற ஹிஸ்டரியில பளிச்சுன்னு நிக்குது. நீ அடிக்காம மெஷின் அதுவா எழுதிக்குமா?

— நானும் பாத்தேன். காலையில வந்ததும் அதத்தான் தொறந்தேன். ஒரே ஒரு வரி.

— போதாதா பின்ன?

— ரெண்டு வருஷமா இந்த மெஷின்ல குப்பை கொட்டறேன். ஹிஸ்டரியில இருக்கறது ஒரே ஒரு வரி. உங்களுக்கு வித்தியாசமாப் படலையா?

— மத்ததெல்லாம் நீயே அழிச்சிருப்ப.

— அழிக்கல. பதிவே ஆகாது. சேர்ந்த புதுசுல பாஸ்வேர்டக் கட்டளையோட சேத்து அடிச்சுத் தொலைச்சேன், அது ஹிஸ்டரியில போய் உக்காந்துக்கிச்சு. அன்னிக்கு அத மட்டும் தொடச்சுட்டு செட்டிங்க மாத்திட்டேன். முன்னால ஒரு ஸ்பேஸ் தட்டிட்டு அடிச்சா அந்த வரிய மெஷின் எழுதி வச்சுக்காது. அதுலேர்ந்து எத அடிச்சாலும் கட்டைவிரல் தன்னால ஸ்பேஸ் தட்டிடும். அக்காவுக்கு மெசேஜ் அனுப்பினாக்கூட முன்னால ஒரு ஓட்டை விழும். அவ கிண்டல் பண்ணாத நாளில்ல.

— ஒருநாள் அவசரத்துல மறந்திருப்ப. யானைக்கும் அடி சறுக்கும், மாப்ள.

— சறுக்கும்தான். ஆனா வரி பக்கத்துல நேரமும் விழற மாதிரி வச்சிருக்கேன். நேத்து அந்த நேரத்துல நான் கீழ டீக்கடையில நின்னேன். ஸ்க்ரீன் தொறந்து கெடக்கு, பாத்துக்கங்கன்னு யார்கிட்ட சொல்லிட்டுப் போனேன்?

— எத்தனையோ பேர் வந்து போற எடம்...

— அத்தான்.

— பழைய மார்க்கக் கழிக்கலாம்னுதான்டா உன் ஸ்க்ரீன்ல உக்காந்தேன். பழைய மெஷின்னு நெனச்சு புதுசுல அடிச்சுட்டேன். என் கணக்குல அழிக்க அனுமதி கெடையாது, உனக்குத் தெரியாதா? உன் அக்கா வேற மாசமா இருக்கா. இந்த நேரத்துல எனக்கு வேலை போச்சுன்னா...

— வேலியே பயிர மேஞ்சா நான் யார்கிட்டப் போய் அழுவேன்? செஞ்சதுகூடப் பரவாயில்ல. எதிர்லயே உக்காந்து, எப்படி எழுதணும்னு எனக்கே சொல்லித் தர்றீங்களே! வயிறு எரியுது.

— மேனேஜர் காதுக்குப் போயிடக் கூடாது மாப்ள. உன் கால்ல வேணா விழறேன்.

— போகாது. அக்கா முகத்துக்காகக் காலையிலயே நான்தான்னு ஒத்துக்கிட்டு, வேலைய விட்டு நின்னுக்கறேன்னும் எழுதிக் குடுத்துட்டேன். நீங்களா வாயத் தொறப்பீங்களான்னுதான் இவ்வளவு நேரம் உக்காந்திருந்தேன்.