வாசகர்கள் தேர்ந்தெடுத்த கடை

அன்புள்ள அமிர்தநாதன்,

சாம்பாரில் பெருங்காயம் கொஞ்சம் தூக்கலாகிவிட்டால் எனக்கு மண்டையிடி வந்துவிடும். அதைத் தவிர என்னிடம் ஒரு குறையும் இல்லை என்று என் மனைவி பெற்றீசியா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் போன பிறகுதான் நான் கடைச் சாப்பாட்டுக்காரன் ஆனேன். உங்கள் 'பனிமலை' வாரப் பத்திரிகையில் 'பந்திக்காரன்' என்ற பெயரில் ஹட்டன் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி எழுதத் தொடங்கியதும் அப்படித்தான்.

நீங்கள் கேட்டு எழுதிய தபாலட்டைக் கட்டு என்னிடம் இல்லை. போன வருஷம், ஐம்பத்தைந்தில், ஊரின் சிறந்த சாப்பாட்டுக் கடை எது என்று பத்திரிகையில் கேட்டதற்கு வாசகர்கள் எழுதிய அட்டைகள் அவை. இந்த வருஷப் போட்டிக்கு விளம்பரமாக அதில் நாலைந்தை அச்சிடலாம் என்கிறீர்கள். நல்ல யோசனைதான். ஆனால் அவை எங்கே போயின என்பதைச் சுற்றி வளைத்துத்தான் சொல்ல வேண்டும். ஒரு தேத்தண்ணியை ஊற்றி வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

போட்டி உங்கள் யோசனை. பத்திரிகையில் ஒரு பக்கம் பந்திக்காரன் தேர்வு, எதிர்ப்பக்கம் வாசகர் தேர்வு. இரண்டும் ஒன்றாகத்தான் வரும், சும்மா ஒரு வேடிக்கை என்றீர்கள். நானும் நம்பினேன். என் தேர்வு கணேசமூர்த்தியின் சைவ ஓட்டல். சலவைக்கல் மேசை, சுடுதண்ணீரில் கழுவிய தட்டு, சுவரில் ஆள் உயரக் கண்ணாடி. கண்ணாடிக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையது. நான் வரும்வரை அதில் யாரும் உட்கார மாட்டார்கள்.

வாசகர்கள் எழுதியது நல்லமுத்துவுக்கு. முந்நூற்றுப் பன்னிரண்டு அட்டைகள். கணேசமூர்த்திக்கு வந்தது ஒன்பது, அதிலும் மூன்று அவருடைய கையெழுத்து.

நல்லமுத்து கடையை உங்களுக்குத் தெரியும். ரயில் ஸ்டேஷன் படிக்கட்டின் அடியில், பலகையும் தகரமுமாக இருந்தது. உள்ளே உட்கார இரண்டு வாங்கு. ரொட்டியும் குடல் குழம்பும். வாசலில் 'மதுரை நல்லமுத்து கடை' என்று சிவப்பு எழுத்தில் ஒரு போர்டு. அங்கே நான் சாப்பிட்டதில்லை. எல்லாக் கடையிலும் ஏறி இறங்கித்தான் எழுத வேண்டும் என்று சட்டமில்லை. வாசனையே சொல்லிவிடும் என்பது என் அனுபவம்.

இரண்டு தேர்வும் அச்சாகி வந்த வாரம் ஊருக்கு நல்ல பொழுதுபோக்கு. சலூனில், சந்தையில், எங்கே போனாலும் இதே பட்டிமன்றம். அக்கரப்பத்தனை பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே கேட்டான்.

"என்னங்க சார், நாக்குக்கு வைத்தியம் பாத்தீங்களா?"

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். நான் கோபக்காரன் இல்லை. அடுத்த திங்கட்கிழமை ஓட்டலுக்குப் போனபோது என் நாற்காலியில் ஒரு லொறி டிரைவர் உட்கார்ந்து தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தான். கணேசமூர்த்தி என்னைப் பார்த்தும் அவனை எழுப்பவில்லை. "அந்தப் பக்கம் எடம் இருக்குங்க" என்று கைகழுவும் தொட்டி ஓரத்தைக் காட்டினார். அது எனக்கு வலித்தது. அதை மறைக்க மாட்டேன்.

ஒரு விமர்சகனுக்கு ஊர் தரும் மரியாதைதான் முதல். அது போய்விட்டால் அவன் பசிக்குச் சாப்பிடுகிற சாதாரண மனிதன்.

அட்டைகளை வீட்டுக்கு எடுத்துப்போய் ஒவ்வொன்றாக வாசித்தேன். பிழை எங்கே என்று பார்ப்பது என் கடமை அல்லவா? பிழை உடனே தெரிந்தது. யாருமே குழம்பைப் பற்றி எழுதவில்லை, மதுரையைப் பற்றித்தான் எழுதியிருந்தார்கள். 'அசல் மதுரைக் கை.' 'இந்தியாவிலிருந்து நமக்கு வந்த பாக்கியம்.' 'இப்போதுதான் கப்பலிலிருந்து இறங்கி வந்தவர் போலச் சமைக்கிறார்.' போர்டை வாசித்துவிட்டு நாக்கால் அதை ஆமோதித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

வைகாசியில் நல்லமுத்துவே என்னைத் தேடி வந்தான். கோர்ட்டுக்கு எதிரே மேசை போட்டு மனு எழுதுவதுதானே என் தொழில். அவனுடைய பிரஜாவுரிமை மனு விசாரணைக்கு வந்திருந்தது. பல வருஷமாக இந்த நாட்டிலேயே இருந்துவருகிறவன் என்று ஊரறிந்த ஒருவர் எழுதிக் கொடுத்தால் நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவனுக்குப் பிறப்புப் பத்திரம் கிடையாது. பூண்டுலோயாவில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். கலியாண வீடுகளில் பாத்திரம் கழுவி, பார்த்துப் பார்த்தே சமையல் கற்றவன்.

"அப்ப மதுரை?" என்று கேட்டேன்.

வெட்கப்பட்டுச் சிரித்தான். "போர்டுல மதுரைன்னு போட்டாத்தான் சனம் உள்ள வருதுங்க சார். நான் கண்டியத் தாண்டினதே இல்ல. நீங்க இங்கிலீஸ்ல ரெண்டு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா தொர நம்புவாருங்க. ரெண்டு புள்ளைங்க இருக்கு. இது கெடைக்காட்டி எங்கள எங்க கொண்டு போய்த் தள்ளுவாங்களோன்னு ராக்காயி தூங்குறதே இல்லைங்க."

ராக்காயி அவன் மனைவி. எனக்கு அவன்மேல் இரக்கமே வந்தது. போட்டியைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. பந்திக்காரன் நான்தான் என்பது கடைவீதி முழுக்கத் தெரியும், அவனுக்கும் தெரியும். ஜெயித்தவன் பெருந்தன்மையாக இருந்தான். அதையும் கவனித்துக்கொண்டேன்.

இரண்டு வரிக்குப் பதில் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதினேன். இந்தக் கடிதம் கொண்டுவருபவர் மதுரையைச் சேர்ந்த சமையற்காரர், நாலைந்து வருஷத்துக்கு முன் கடல் கடந்து வந்து இங்கே புகழ்பெற்றவர், கடைப் போர்டிலும் மதுரை என்றே இருக்கிறது, இதை ஊரே அறியும், அத்தாட்சியாக ஊராரின் தபாலட்டைகள் முந்நூற்றுப் பன்னிரண்டு இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. முக்கியமான முப்பதை ஆங்கிலத்தில் பெயர்த்தும் கொடுத்தேன். இரண்டு நாள் வேலை. பிறகு அவன் கேட்டபடி, பூண்டுலோயாவில் பிறந்து வளர்ந்தவன் என்று தமிழில் வாசித்துக் காட்டினேன். மேசையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்றான், கூடப் போனேன். விசாரணைத் துரை என் கடிதத்தை வாசித்தார். அட்டைகளைப் புரட்டினார். போர்டு உன்னுடையதுதானா என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார். ஆமாம் என்றான். இந்தக் கடிதத்தில் உள்ளதெல்லாம் உண்மையா என்று கேட்டார்.

"சார் எழுதினது அத்தனையும் உண்மைங்க" என்றான் நல்லமுத்து. என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்பும் சிரித்தான்.

இருபது நிமிஷத்தில் முடிந்தது. மனு தள்ளுபடி. ஆடியில் பொலிஸார் வந்து களவாகக் கடல் கடந்து வந்த கள்ளத்தோணி என்று பிடித்துப் போனார்கள். ஆவணியில் தலைமன்னாரில் கப்பல் ஏற்றினார்கள். மதுரையில் ஏதோ சத்திரத்து வாசலில் படுத்திருக்கிறான் என்று கேள்வி. ஆகவே அந்தப் போர்டில் இப்போது பொய் எதுவும் இல்லை.

இதைக் கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லலாமா என்று யோசித்ததுண்டு. சொல்லவில்லை. பாவம் எது என்று எனக்குப் பிடிபடவில்லை. போர்டை எழுதியவன் அவன். அதற்குச் சாட்சி சொன்னவர்கள் உங்கள் வாசகர்கள். கப்பல் ஏற்றியது அரசாங்கம். நான் வாசகர் கருத்தை உரிய இடத்தில் சேர்ப்பித்தேன், அதிலும் ஓர் அட்டைகூடக் குறையாமல்.

நல்லமுத்து கடை மூடிக் கிடந்தது. கணேசமூர்த்தி ஓட்டலில் கூட்டம் ஏறியது, என் நாற்காலியும் திரும்பக் கிடைத்தது. கதை இத்தோடு முடிந்திருந்தால் உங்களுக்கு 'கட்டு தொலைந்துவிட்டது' என்று ஒரே வரியில் எழுதியிருப்பேன்.

ராக்காயியின் பெயர் அவள் அப்பன் தனியாகப் போட்ட பிரஜாவுரிமை மனுவில் இருந்ததால் அவளையும் பிள்ளைகளையும் யாரும் தொடவில்லை. அக்கரப்பத்தனையில் அப்பன் வீட்டு லயத்தில் இருந்துகொண்டு கொழுந்து பறிக்கிறாள். புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை என் மேசைக்கு வந்தாள். கையில் ஒரு தூக்குச்சட்டி.

"அவர இங்கன திருப்பி அனுப்பச் சொல்லி ஒரு மனு எழுதணுங்க சார். சார் அவருக்கு எம்புட்டோ செஞ்சீங்கன்னு சொல்லிக்கிட்டேதான் போனாரு. உங்களுக்குக் குடுக்க என்கிட்ட வேற ஒண்ணுமில்லைங்க."

சட்டியில் ரொட்டியும் குடல் குழம்பும். அவன் பக்குவம், அவள் கை. அன்றைக்குத்தான் முதல்முதலாக அதைச் சாப்பிட்டேன்.

அமிர்தநாதன், வாசகர்கள் சொன்னது சரி. முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் சரி. அப்படி ஒரு குழம்பை நான் என் ஆயுளில் வாயில் வைத்ததில்லை. சாப்பிடும்போது கண்ணில் தண்ணீர் வந்தது, அதற்குக் காரம் மட்டும் காரணம் இல்லை. இந்த வருஷம் பந்திக்காரன் தேர்வு என்று நல்லமுத்து கடையையே போட்டுக்கொள்ளுங்கள். தவறை ஒப்புக்கொள்ளத் தெரியாதவன் விமர்சகனே அல்ல.

மனுவை அந்த வாரமே எழுதிவிட்டேன். எந்த லயத்தில் பிறந்தான், அவன் அப்பன் பெயர் எந்தத் தோட்டத்துப் பெரட்டு ஆள்பதிவில் இருக்கிறது, பிரசவம் பார்த்த வீரம்மா என்ற கிழவி இன்னும் உயிரோடு இருக்கிறாள் என்பது வரை எல்லாம் அதில் உண்டு. இருபது வருஷத்தில் நான் எழுதியவற்றில் அதுதான் மிகச் சிறந்தது. அதை வாசிக்கிற எந்தத் துரையும் அவனைத் திருப்பிக் கூப்பிடாமல் இருக்க முடியாது.

ராக்காயி சனிக்கிழமை தவறாமல் சட்டியோடு வருகிறாள். "பதில் வந்துச்சுங்களா சார்?" என்று கேட்கிறாள். அரசாங்கக் காரியம், தாமதமாகத்தான் வரும் என்கிறேன். இது எட்டாவது மாதம். மனு என் மேசை லாச்சிக்குள்ளேயே பத்திரமாக இருக்கிறது. கடைசிப் பத்தியில் ஒரு சொல் மட்டும் சரியாக உட்காரவில்லை. இந்தச் சனிக்கிழமை சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

இப்படிக்கு,
சூசைரட்ணம்