பிடியில உடைஞ்சது

ஐயையோ, கல்யாணத்தை நிறுத்தவெல்லாம் வரலைங்க சம்பந்தியம்மா. பத்திரிகை அச்சுக்குப் போயாச்சு, எம் பொண்ணு விரல் விட்டு நாளை எண்ணிக்கிட்டிருக்கா, நான் போய் அப்படிப் பேசுவேனா? நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. மாப்பிள்ளையை ஃபேக்டரியில வேற செக்ஷனுக்கு மாத்திக்கச் சொல்லுங்க. இன்னிக்கே. டீயா? பாதி கிளாஸ் போதும்.

ஏன்னு கேட்டா... அவரு பாத்துக்கிற புது டேங்க் இருக்கில்ல, நீராவியை அடைச்சு வைக்கிறது? ஆமா, ஓட ஆரம்பிச்சு நாலு மாசம் ஆச்சு. அது ஒரு நாளைக்கு முப்பது தடவை நிரம்பும், காலியாகும். நிரம்பினா இரும்பு உப்பும், காலியானா சுருங்கும். நம்ம கண்ணுக்குத் தெரியாது. ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் மடக்கிக்கிட்டே இருந்தா ஒடிஞ்சிடும்ல, அதேதான். அதுலயும் குழாய் வந்து சேர்ற எடம் இருக்கே, அங்க இழுக்கறதும் முறுக்கறதும் ஒண்ணா நடக்கும். ஒரே பக்கமா இழுத்தா இரும்பு தாங்கிக்கும். இழுத்துக்கிட்டே முறுக்கினா, அதுவும் திசையை மாத்தி மாத்தி, சீக்கிரம் களைச்சுப் போயிடும். ஈரப் போர்வையை ரெண்டு பேர் பிழிவாங்கல்ல, அந்தப் பாடுதான். சிரிக்காதீங்க, பதினெட்டு வருஷமா இதுதாங்க எனக்குச் சோறு போடுது.

டேங்க் செய்யற தகட்டுலேருந்தே பத்துத் துண்டு வெட்டி எங்க லேபுக்கு அனுப்புவாங்க. ஒவ்வொண்ணையும் மெஷின் ரெண்டு முனையிலயும் கவ்விக்கிட்டு இழுக்கும், முறுக்கும். அறுபதாயிரம் தடவை தாங்கணும். ஒன்பது தாங்கிச்சு. ஒண்ணு நாலாயிரத்துலயே உடைஞ்சிடுச்சு.

இருங்க, இருங்க, அதுக்கும் ஒரு விதி இருக்கு. மெஷின் கவ்வுற எடத்துல உடைஞ்சா அந்தத் துண்டைக் கணக்குல சேக்கக் கூடாது. பிடி அழுத்தி உடைஞ்சது, இரும்பு மேல குத்தமில்ல. நடுவுல உடைஞ்சாதான் இரும்போட குத்தம். இது உடைஞ்சது நட்ட நடுவுல. ஆனா ரிப்போர்ட்ல பிடியில உடைஞ்சதுன்னு எழுதியாச்சு. ரெண்டே வார்த்தை. டேங்க் பாஸ்.

ஏனா? நடுவுலன்னு எழுதினா அன்னிக்கே புதுத் துண்டை மாட்டி மொதல்லேருந்து ஓட்டணும். ஒரு வாரம் மெஷினை விட்டு நகர முடியாது. எழுதின ஆளுக்கு அன்னிக்குச் சாயங்காலம் ஒரு எடத்துக்குப் போக வேண்டியிருந்துச்சு. யாரும் மிரட்டலைங்க, காசு கீசு எதுவும் கெடையாது. பத்துல ஒண்ணுதானேன்னு நெனச்சிட்டான்.

திட்டுங்க. நல்லாத் திட்டுங்க. கைகால் விளங்காமப் போவான்னு சொன்னீங்களே, அதுவும் சரிதான்.

தெனம் காலைல பல்லு தேய்க்கும்போதே மனசுக்குள்ள ஒரு முப்பதைக் கூட்டிடுவேன். இன்னியோட மூவாயிரத்தறுநூறு தாண்டிடுச்சு. நாலாயிரம் ஆனா வெடிச்சே தீரும்னு இல்ல. அந்த ஒத்தைத் துண்டு மாதிரி ஒரு எடம் டேங்க்ல இல்லாமலும் இருக்கலாம். இருந்துட்டா? என்னால சாப்பிட முடியலைங்க, தூங்க முடியலை. அதனாலதான் சொல்றேன், மாப்பிள்ளை அங்க நிக்க வேணாம்.

என்ன கேட்டீங்க? அவரு எடத்துல யாரு நிப்பாங்களா?

வேற யாராவது... ஆமா. அவரையும் ஒருத்தி பெத்திருப்பா. ஆமாங்க. அப்படிப் பாக்காதீங்க. வீட்டுலேருந்து இங்க வர்ற வரைக்கும் அதை மட்டும் நெனைக்காமயே வந்துட்டேன்.

எழுதினவன் யாருன்னு கேட்டீங்கல்ல. பொண்ணு விஷயமா நாங்க மொத மொதல்ல இங்க வந்தோமே, ஞாபகம் இருக்கா? அஞ்சு மணிக்கு வர்றோம்னு சொல்லியிருந்தோம். மொத நாளே லேட்டாப் போனா நல்லாருக்காதேன்னு, மூணு மணிக்கு அந்த ரெண்டு வார்த்தையை எழுதிக் குடுத்துட்டுக் கிளம்பினேன். இதே நாற்காலிதான். மாப்பிள்ளை டீயைக் கையில குடுத்துட்டு, மாமான்னு அப்பவே வாய் நெறையக் கூப்பிட்டு, புது டேங்க் வருது மாமா, லேப் பேப்பர் வந்ததும் ஓட்டப் போறோம், என்னைத்தான் போட்டிருக்காங்கன்னாரு. ரொம்ப சந்தோஷம்னு சொன்னேன்.

இந்தாங்க, அந்தத் துண்டு. ரெண்டு பாதியும் சட்டைப் பையிலயேதான் கெடக்கு. எங்க உடைஞ்சிருக்குன்னு நீங்களே பாருங்க. போனை எடுங்க. மாப்பிள்ளையை மட்டும் வெளிய வரச் சொல்ல வேணாம், டேங்க்கை நிறுத்தச் சொல்லுங்க. யாரு சொன்னதுன்னு கேட்டா மாமனார்னு சொல்லாதீங்க. டெஸ்ட் பண்ணவன் சொன்னான்னு சொல்லுங்க.